நீலத் தண்ணியும் ஆரஞ்சு மாத்திரையும்

எங்க வீட்டுல சந்தேகப்படுறதுக்கு ரெண்டு பேர் இருந்தோம். நான் ஊரைச் சந்தேகப்படுவேன், என் வீட்டுக்காரி என்னைச் சந்தேகப்படுவா. தராசைத் தூக்கி அடியில என்ன ஒட்டியிருக்குன்னு பாத்துட்டுத்தான் நான் தக்காளி வாங்குவேன். தக்காளி வாங்கப் போன மனுசன் எம்புட்டு நேரம் கழிச்சு வாரான்னு அவ கடிகாரத்தைப் பாப்பா. இதுல யாருக்கும் பெருசா நட்டம் இல்ல. எனக்குச் சர்க்கரை வியாதின்னு தெரியிற வரைக்கும் குடும்பம் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு.

எம்பதுகளோட ஆரம்பம் அது. மதுரை கே.கே. நகர்ல வீடுக அப்பத்தான் ஒண்ணொண்ணா எழும்பிக்கிட்டிருந்துச்சு. நாங்க ஒரு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தோம். நான் பஞ்சு மில்லுல சூப்பர்வைசர். காலைல ஸ்கூட்டரை உதைச்சா சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சாத் திரும்பி வருவேன். ஒருக்க மில்லுல எல்லாருக்கும் பரிசோதனை பண்ணினப்ப எனக்குச் சர்க்கரை இருக்குன்னு சொல்லிட்டாங்க. எங்க தெருமுனை டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்து, இனிப்பைக் கண்ணால கூடப் பாக்கக் கூடாதுன்னாரு.

நான் அன்னைக்கே ஒழுங்காயிட்டேன். இதைச் சொன்னா யாரும் நம்புறதில்ல. ஆனா எங்க அப்பாவுக்கு இதே வியாதியில கால எடுத்ததை நான் பக்கத்துல நின்னு பாத்தவன். கட்டில்ல ஒரு பக்கம் போர்வை தட்டையாக் கிடந்தது இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அந்தப் பயம் ஒண்ணு போதும், எந்த அல்வாக் கடை வாசல்லயும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறதுக்கு.

இப்ப மாதிரி விரலைக் குத்தி நம்பர் பாக்குற மெசினெல்லாம் அப்ப வீட்டுக்கு வரல. மெடிக்கல் ஷாப்புல பாட்டில்ல ஒரு நீலத் தண்ணி விப்பாங்க. கண்ணாடிக் குழாயில அதைக் கொஞ்சம் ஊத்தி, மூத்திரத்துல சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்குல காட்டணும். கொதிச்சு ஆறின பிறகும் நீலமாவே இருந்தா நல்ல பிள்ளை. பச்சைன்னா லேசா இருக்கு. மஞ்சள்னா கூடுதல். ஆரஞ்சு, செங்கல் கலருக்குப் போயிருச்சுன்னா டாக்டர்கிட்ட ஓட வேண்டியதுதான்.

இந்தப் பரிசோதனையை நானே பண்ணிக்கிறேன்னேன். அவ விடல. "நீங்க குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ஊத்தி நீலம்னு காட்டுவீங்க"ன்னா. பாத்ரூம் வாசல்ல கைய நீட்டிக்கிட்டு நிப்பா. வாங்கிட்டுப் போயி, பின்னால துவைக்கிற கல்லு மேல விளக்கை வச்சு, மூக்கைச் சேலைத் தலைப்பால பொத்திக்கிட்டு, குழாயை இடுக்கியில பிடிச்சுக் கொதிக்க வைப்பா. நான் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற பயலாட்டம் தள்ளி நிக்கணும். நீலமா இருந்தா எனக்கு ரெண்டு இட்லி கூட விழும். லேசாப் பச்சை தட்டுச்சுன்னா அன்னைக்குச் சட்னில உப்புக்கூட இருக்காது. இந்த நீலத் தண்ணிதான் எங்க வீட்டு நீதிபதி.

ரொம்ப நாள் நீலமாத்தான் இருந்துச்சு. அப்புறம் வந்தான் என் மாப்ள.

மாப்ளன்னா அவளோட தம்பி. மருந்துக் கம்பெனியில ரெப். மதுரை வெயில்ல கழுத்துல டையக் கட்டிக்கிட்டு, பெரிய தோல் பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் டாக்டரா அலையிறவன். எனக்கு அவன் மேல பாசம் உண்டு, நம்பிக்கை கிடையாது. வாய் அம்புட்டு ஓடும். அந்த வாரம் நான் தும்மிக்கிட்டே கிடந்தேன். மில்லுல பஞ்சைப் பிரிக்கிற ப்ளோ ரூம்ல என்னைப் போட்டிருந்தாங்க. அங்க தூசி மழை மாதிரி கொட்டும்.

"மச்சான், உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்ல. விட்டமின் சி போடுங்க"ன்னு பையிலருந்து மாத்திரைப் பட்டைகளை எடுத்து மேசை மேல பரப்பினான். ஆரஞ்சுக் கலர்ல வட்ட வட்டமா, சப்பித் திங்கிற மாத்திரை. அட்டையில 'சாம்பிள், விற்பனைக்கு அல்ல'ன்னு போட்டிருந்துச்சு.

"விக்காத சாமானை எதுக்குய்யா செய்றான்?"ன்னேன்.

"டாக்டருங்களுக்குக் குடுத்துப் பழக்குறது மச்சான்."

"டாக்டரைப் பழக்குறியா? என்னையும் பழக்குறியா?"

அவன் சிரிச்சான். நான் சிரிக்கல. ஒவ்வொரு பட்டையையும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். தேதி முடிஞ்சிருச்சான்னு பாத்தேன். ஒரு பட்டையில மாத்திரை மேலெல்லாம் பழுப்புப் புள்ளி, வாழைப்பழத் தோல்ல விழுற மாதிரி. இது என்னன்னு கேட்டா, பை வெயில்ல கிடந்துச்சு மச்சான், சூடும் ஈரமும் பட்டா இப்படி ஆயிரும், தூரப் போட்டுருங்கன்னான். நான் கண்டுபிடிக்கலைன்னா அதையும் என் தலையிலதான் கட்டியிருப்பான். கடைசில இதுல சர்க்கரை இருக்கான்னு கேட்டேன்.

"நக்குனா தெரியிற அளவு இருக்கும். அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. இது தண்ணில கரையிற சத்து மச்சான். உடம்புக்கு வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை மூத்திரத்துல தள்ளிவிட்டுரும். எம்புட்டுத் தின்னாலும் கெடுதலே கிடையாது."

கெடுதலே கிடையாதுன்னு எவன் சொன்னாலும் எனக்கு முதுகுத்தண்டு அரிக்கும். ஆனா என் வீட்டுக்காரி குறுக்க வந்துட்டா. "என் தம்பி குடுத்தா விசத்தையா குடுப்பான்?"ன்னா.

ஒண்ணை வாயில போட்டேன். புளிப்புன்னா புளிப்பு, அதுக்கு அடியில ஒரு சின்ன இனிப்பு, ஆரஞ்சு மிட்டாய் வாசம். அடேயப்பா! மாசக்கணக்கா நாக்குல இனிப்புப் படாத மனுசன் நான். கண்ணை மூடிக்கிட்டேன். காலைல ஒண்ணுன்னு ஆரம்பிச்சது, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, டீ நேரத்துல சீனி இல்லாத டீயைக் குடிச்சுட்டு அந்தக் கசப்புக்கு ஒண்ணுன்னு வளந்துச்சு. சட்டைப் பையிலயே ஒரு பட்டை கிடக்கும். தீரத் தீர மாப்ள கொண்டாந்து போடுவான். சளி விட்டுச்சான்னு கேட்டா, விட்டுச்சு. ஆனா அதே நேரத்துல என்னை ப்ளோ ரூம்லருந்து வேற பக்கம் மாத்தியிருந்தாங்க. எதுனால விட்டுச்சுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. அவன் மட்டும் மாத்திரையாலதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

அடுத்த ஒண்ணு ரெண்டு வாரத்துல நீலத் தண்ணி பச்சையாச்சு. அப்புறம் மஞ்சளாச்சு. ஒருநாள் காலைல அவ குழாயை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. ஆரஞ்சு.

"எங்க தின்னீங்க?"

"என்னத்தத் தின்னேன்?"

"அதைத்தான் நான் கேக்குறேன்."

நான் சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்றவன்தான் திருடன்னா. கோவத்துல கத்தினேன். குத்தமுள்ளவனுக்குத்தான் கோவம் வரும்னா. சரி, பேசாம இருந்தேன். பாருங்க, வாயடைச்சுப் போச்சுன்னா. இவகிட்ட எந்தப் பக்கம் போறது, சொல்லுங்க!

அன்னையிலருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆயிருச்சு. சட்டைப் பையைத் தலைகீழாத் தட்டுவா, மாத்திரைப் பட்டை விழும், அதை மரியாதையா எடுத்துத் திருப்பி வைப்பா, மிட்டாய்த் தாளைத் தேடுவா. தம்பி குடுத்ததாச்சே! மில்லு வாசல் டீக்கடைக்கு ஆள் விட்டு விசாரிச்சா. நான் வீட்டுக்குள்ள வந்ததும் கையைப் பிடிச்சு மோந்து பாப்பா. ஒருநாள் மேலமாசி வீதியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தப்ப என் வேட்டியில நெய்க் கறை இருந்துச்சு. பொங்கல்ல ஊத்தின நெய். மைசூர்பாக்குன்னு தீர்ப்புச் சொல்லிட்டா.

எனக்கு ஒரே ஒரு சாட்சி இருந்துச்சு. எறும்பு. சர்க்கரை இறங்குற மூத்திரம்னா எறும்பு மொய்க்கும்னு எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எங்க அப்பா காலத்துல கொல்லைப்பக்கம் கறுகறுன்னு மொய்ச்சுக் கிடக்கும். எங்க பாத்ரூம்ல ஒத்தை எறும்பு இல்ல. "வந்து பாரு, எறும்பைக் காட்டு"ன்னு அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். "நான் தினம் பினாயில் ஊத்திக் கழுவுறேன்ல, எறும்பு எப்படி வரும்?"னு ஒரே வார்த்தையில என் சாட்சியைத் தள்ளுபடி பண்ணிட்டா.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? நானும் சந்தேகப்பட்டேன். முதல்ல அவளையே. காப்பியில தெரியாம சீனியைப் போடுறாளோன்னு அவ குடிக்கிற டம்ளரையும் என் டம்ளரையும் மாத்தி வச்சுப் பாத்தேன். பால்காரன் பால்ல என்னத்தையோ கலக்குறான்னு நினைச்சேன். நீலத் தண்ணி விக்கிற மெடிக்கல் ஷாப்காரன் சாயத் தண்ணியைப் பாட்டில்ல அடைச்சு விக்கிறான்னு நினைச்சேன். ஊர்ல பாக்கி ஒருத்தன் இல்ல. ஆரஞ்சு மாத்திரையை மட்டும் நினைக்கல. அதை முதல் நாளே வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு விசாரிச்சு விடுதலை பண்ணியாச்சே.

டாக்டர்கிட்ட என்னை இழுத்துட்டுப் போனா. அவர் முன்னாடி உக்காந்து நான் பேசுறதுக்கு முந்தி அவளே எல்லாத்தையும் ஒப்பிச்சா. மஞ்சள், ஆரஞ்சு, மஞ்சள், ஆரஞ்சுன்னு. டாக்டர் நல்ல மனுசன், ஒரு கேள்வி ஒழுங்காத்தான் கேட்டாரு. "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லவே இல்ல"ன்னோம், ரெண்டு பேரும் ஒண்ணா. அந்தக் காலத்துல நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். பொய் சொல்லணும்னு சொல்லல. எங்களுக்கு மாத்திரைன்னா நோவுக்குத் திங்கிறது. இது சத்து. ஹார்லிக்ஸ் குடிக்கிறதை யாராச்சும் டாக்டர்கிட்டச் சொல்லுவாங்களா? அவர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. "வாயைக் கட்டுங்க சார்"னு சொல்லிட்டு, சர்க்கரை மாத்திரையைக் கூட்டி எழுதினாரு. இதுக்கும் குறையலைன்னா ஊசிதான்னாரு. எனக்கு அப்பாவோட போர்வை ஞாபகம் வந்துச்சு. தின்னாத இனிப்புக்காகக் கால் போகப் போகுதான்னு அன்னைக்கு ஸ்கூட்டர் ஓட்ட முடியாம உருட்டிக்கிட்டே வந்தேன்.

கூட்டின மாத்திரையைப் போட்டதுலருந்து உடம்பு எனக்குச் சொந்தமில்லாமப் போச்சு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே கை நடுங்கும். சட்டை முதுகோட ஒட்டும். பசி வயித்துக்குள்ள கையை விட்டுப் பிசையும். சும்மா நிக்கிற தொழிலாளியைப் பிடிச்சு வள்ளுன்னு விழுவேன், அப்புறம் எதுக்குத் திட்டினோம்னு எனக்கே தெரியாது. வீட்டுல சொன்னா, "கள்ளத்தனம் பண்றவனுக்கு வேர்க்கத்தான் செய்யும்"னா. சொல்லாம இருக்கப் பழகிட்டேன்.

அப்பத்தான் அழகர்கோவில்ல எங்க பங்காளி வீட்டுக் காதுகுத்து வந்துச்சு. கருப்பசாமிக்குக் கிடா வெட்டி, தோப்புல அடுப்புக் கூட்டிச் சமைக்கிறதா ஏற்பாடு. காலைல அவ கையாலயே எனக்கு மாத்திரையைக் குடுத்து, ரெண்டே இட்லியை வச்சுக் கூட்டிட்டுப் போனா. அன்னைக்குக் காலைலயும் குழாய் ஆரஞ்சு. அதனால இட்லிக்கும் வெட்டு. போனா, அங்க பூசாரி வர நேரமாச்சு, கிடா வெட்ட நேரமாச்சு, விறகு ஈரம், கறி வேகல. ஆளாளுக்கு மாமரத்தடியில உக்காந்து குரங்கை விரட்டிக்கிட்டு, வேகுதா வேகுதான்னு அடுப்பைப் பாத்துக்கிட்டிருந்தோம். சாமிக்குப் படைச்ச பானக்கம் ஒரு அண்டா நிறைய இருந்துச்சு. வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் போட்டுக் கரைச்சது. எல்லாரும் மொண்டு மொண்டு குடிச்சாங்க. நான் தொடல. அவ என்னையேதான் பாத்துக்கிட்டிருந்தா.

வெயில் உச்சிக்கு வந்தப்ப என் கண்ணுக்குள்ள இருட்டிக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சேன், கால் ஒரு பக்கமாப் போச்சு. வேர்த்து ஊத்துது. நாக்கு தடிச்சுப் போயி வார்த்தை வரல. நாலு எட்டு வச்சு அண்டாகிட்டப் போயி டம்ளரைக் கையில எடுத்துட்டேன். அவ பாஞ்சு வந்து பிடுங்கிட்டா.

"பாத்தீங்களா, பாத்தீங்களா, இவரு யோக்கியதையை! கண்ணு முன்னாடியே திங்கிறவரு காணாதப்ப என்ன பண்ணுவாரு?"ன்னு எங்க சனம் பூராவுக்கும் கேக்குற மாதிரி கத்தினா.

நான் என்னமோ சொன்னேன். குழறிச்சு. பங்காளிக சிரிச்சாங்க. "அண்ணே காலங்காத்தாலேயே தோப்புக்குப் பின்னால போயிட்டு வந்துட்டாரு போல"ன்னு ஒருத்தன் சொன்னான். கிடாவெட்டுல தள்ளாடுறவனைப் பாத்தா வேற என்ன நினைப்பாங்க? சர்க்கரைத் திருடன்னு இருந்த பேரு, குடிகாரன்னும் ஆயிருச்சு. என் உசுரு போய்க்கிட்டிருக்கு, சுத்தி எல்லாரும் சிரிக்கிறாங்க. அந்த ஆத்திரத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

தொப்புன்னு மண்ணுல உக்காந்துட்டேன். அவ குனிஞ்சு என் வாயை மோந்து பாத்தா. சாராய வாசம் இல்ல, ஆரஞ்சு மிட்டாய் வாசம்தான். என் கையைத் தொட்டா. ஐஸ் மாதிரி இருந்திருக்கு. அவ மூஞ்சி மாறினது எனக்கு மங்கலாத் தெரிஞ்சுச்சு. நான் அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு, "குடு தாயி, நான் திங்கலத்தா, குடு தாயி"ன்னு கெஞ்சினேனாம். எனக்கு ஞாபகம் இல்ல. அவ டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு. காலைல பாத்த ஆரஞ்சுக் குழாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதைக் குடுத்தா நான் செத்துருவேன்னுதான் அவளுக்கு எல்லாரும் சொல்லிக் குடுத்திருந்தாங்க. குடுத்தா. என் தலையைத் தூக்கி மடியில வச்சு, கொஞ்சம் கொஞ்சமா வாயில ஊத்தினா.

ரெண்டாவது டம்ளர் இறங்கி, ஒரு வெத்தலை போடுற நேரத்துக்குள்ள எனக்கு உலகம் திரும்பி வந்துச்சு. மரம் மரமாத் தெரிஞ்சுச்சு, குரங்கு குரங்காத் தெரிஞ்சுச்சு. கோயிலுக்குள்ள போயிருந்த எங்க சித்தப்பா மக அப்பத்தான் ஓடி வந்தா. அவ ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு, "நல்லவேளை அண்ணி இனிப்பைக் குடுத்தீங்க. அண்ணனுக்குச் சர்க்கரை அடி மட்டத்துக்கு இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நினைவே திரும்பியிருக்காது"ன்னா.

"இறங்கியிருக்கா? காலைலகூட ஆரஞ்சாத்தானே இருந்துச்சு?"ன்னு என் வீட்டுக்காரி அவளையே சந்தேகமாப் பாத்தா.

ஆனா அந்தக் கேள்வி அவளை விடல. மறுநாள் விடிஞ்சதும் எனக்கு மாத்திரையும் குடுக்கல, குழாயும் நீட்டல. வீட்டுல இருக்கிற சாமான் பூராவையும் துவைக்கிற கல்லுக்கிட்டக் கொண்டாந்து வச்சா. இவரு பொய் சொல்லணும், இல்ல அந்த நர்ஸ் பொய் சொல்லணும், இல்ல இந்த நீலத் தண்ணி பொய் சொல்லணும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்னா. மூணை எண்ணிட்டு ரெண்டுல ஒண்ணுன்னா, அம்புட்டு ஆவேசம்.

முதல்ல சீனியைத் தண்ணில கரைச்சு, நீலத் தண்ணில விட்டுக் கொதிக்க வச்சா. நீலமாவே இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். சுத்தச் சீனி, பாகு காய்ச்சுற சீனி, அதுக்கே மாறலைன்னா இது என்ன தண்ணி? அடுத்து வெறும் பாலை விட்டா. மஞ்சளாப் போயி ஆரஞ்சாத் திரண்டுச்சு. "அடப்பாவி, சர்க்கரையைக் கலக்கிக்கிட்டே இருந்திருக்கான்!"னு வாசலுக்கு ஓடிட்டா. பால்காரன் நல்லநேரம் அடுத்த தெருவுக்குப் போயிட்டான்.

கடைசியா என் சட்டைப் பையிலருந்து ஒரு ஆரஞ்சு மாத்திரையை உருவினா. தம்பி குடுத்த மாத்திரை. ஒரு நிமிசம் கையில வச்சு யோசிச்சா. நசுக்கி, கரைச்சு, நீலத் தண்ணில விட்டா. விளக்கைக்கூட இன்னும் பக்கத்துல கொண்டுபோகல, குழாய்க்குள்ள கலங்கி, மஞ்சளாகி, நெருப்புல வைக்கிறதுக்கு முந்தியே செங்கக் கலர் இறங்கிருச்சு. குழாயை அப்படியே கல்லு மேல வச்சுட்டுக் கீழ உக்காந்துட்டா.

"என் தம்பி உங்களுக்குச் சர்க்கரைக் கட்டியைக் குடுத்திருக்கான்"ன்னா.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம், பொய் சொல்லுவானேன். சீனி, பாலு, மாத்திரை, நீலத் தண்ணி எல்லாத்தையும் ஒரு ஒயர்கூடையில போட்டுக்கிட்டு டாக்டர் வீட்டுக்கே போனோம். அவர் கிளினிக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னோம். நடந்ததைக் கேட்டதும் முதல்ல என் கையில ரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாரு. அப்புறம் மாத்திரைப் பட்டையை வாங்கிப் பாத்தாரு. பாத்துட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு.

"வேற மாத்திரை திங்கிறீங்களான்னு கேட்டேனே சார்!"

"இது மாத்திரை இல்லையே டாக்டர், சத்துதானே?"ன்னேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். அந்த நீலத் தண்ணிக்கு மூளை கிடையாது. அதுல இருக்கிற செம்பை மாத்திவிடுற எந்தச் சாமானைப் பாத்தாலும் அது கலர் மாறும். ரத்தத்துல ஓடுற சர்க்கரையும் மாத்தும், பால்ல இயற்கையா இருக்கிற சர்க்கரையும் மாத்தும். கடைச் சீனி மட்டும் வேற வகை, அது மாத்தாது. விட்டமின் சி சர்க்கரையே இல்ல, ஆனா அதுவும் மாத்தும். அளவா எடுத்தா ஒண்ணும் தெரியாது. நான் மிட்டாய் மாதிரி தின்னதுல மிச்சமெல்லாம் மூத்திரத்துல இறங்கி, அங்க உக்காந்து எனக்கு எதிரா சாட்சி சொல்லியிருக்கு. அதை நம்பி அவர் மாத்திரையைக் கூட்ட, இல்லாத சர்க்கரையைத் தேடி அந்த மாத்திரை என் உசுரைக் குறைச்சிருக்கு.

சாயங்காலம் ரத்த ரிசல்ட் வந்துச்சு. மாத்திரை போடாத அன்னைக்கும் எனக்குச் சர்க்கரை கூடுதல் இல்ல. டாக்டர் சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டாந்தாரு. விட்டமினை நிறுத்திட்டுச் சில நாள் கழிச்சுப் பாக்கச் சொன்னாரு. சளிக்குப் பயந்தா ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும், தேவைன்னா நானே சின்ன அளவுல எழுதித் தாரேன், இப்படி அள்ளித் திங்கிறதுல சில பேருக்குச் சிறுநீரகத்துல கல்லுகூட வரும்னாரு. வாய்க்குள்ள எது போனாலும், அது சத்தோ சூரணமோ, என்கிட்டச் சொல்லாமப் போட்டா மறுபடி வராதீங்கன்னு கோவமாவே சொன்னாரு. அவருக்கும் பயம், தெரிஞ்சுச்சு. சில நாள் கழிச்சு என் வீட்டுக்காரி குழாயைக் கொதிக்க வச்சா. நீலம். மாடியிலருந்து தெருவுக்குக் கேக்குற மாதிரி, "நீலம்!"னு கத்தினேன்.

மாப்ள விசயம் கேள்விப்பட்டு ஒரு மாசம் எங்க வீட்டுப் பக்கம் தலை காட்டல. அப்புறம் வந்தவனை அவ ஒண்ணும் சொல்லல. அவன் பையை மட்டும் வாசல்லயே வைக்கச் சொல்லிட்டா. நான் இன்னைக்கும் எந்தச் சத்து மாத்திரையை எவன் நீட்டினாலும், எதுக்கு, எம்புட்டு, டாக்டருக்குத் தெரியுமான்னு மூணும் கேட்டுட்டுத்தான் வாங்குறது. கெடுதலே இல்லைன்னு சொன்னா அந்த இடத்துலயே எந்திரிச்சு வந்துருவேன்.

ஆனா அந்த விவகாரத்துல எனக்கு ஒரு பெருமை ஒட்டிக்கிச்சு. விசேச வீடுகள்ல எல்லாம் உக்காந்து அதைச் சொல்லிக்கிட்டிருப்பேன். ஊரே என்னைக் குடிகாரன்னுச்சு, குழாய் என்னைத் திருடன்னுச்சு, என் பொண்டாட்டி ஒருத்திதான் அம்புட்டையும் தள்ளிவிட்டுட்டு என் வார்த்தையை நம்பிப் பானக்கத்தைக் குடுத்தான்னு. கேக்குறவங்க உச்சுக் கொட்டுவாங்க. அவ பக்கத்துல இருந்தா பேசாம எந்திரிச்சு உள்ள போயிருவா. வெக்கப்படுறான்னு நினைச்சுக்குவேன்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பங்காளிககிட்ட இதையே சொல்லி அனுப்பிட்டு உக்காந்திருந்தேன். அவ கொத்தவரங்காய் நறுக்கிக்கிட்டிருந்தவ, தலையைத் தூக்காமலே, "இனிமே அதைச் சொல்லாதீங்க"ன்னா.

"ஏன், நிசத்தைத்தானே சொல்றேன்?"

"நிசம் இல்ல. நான் உங்களை நம்பல."

எனக்கு விளங்கல. "பின்ன எதுக்குக் குடுத்த?"ன்னேன்.

கத்தியைக் கீழ வச்சா. "திருடித் தின்னுத் தின்னுத்தான் இந்தக் கதிக்கு வந்துட்டீங்கன்னு நினைச்சேன். கை சில்லுன்னு இருந்துச்சு, கண்ணு சொருகிருச்சு. முடிஞ்சுபோச்சுன்னுதான் நினைச்சேன். இதைக் குடுத்தா நீங்க சாகப்போறீங்க, குடுக்காட்டியும் சாகப்போறீங்க. போற மனுசன் ஆசைப்பட்டுக் கேக்குறாரு, இம்புட்டு நாள் வாயைக் கட்டிப் போட்டோமே, இதையாச்சும் குடிச்சுட்டுப் போகட்டும்னுதான் ஊத்தினேன்."

சொல்லிட்டு மறுபடி காயை நறுக்க ஆரம்பிச்சா. நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். எனக்கு அழுகை வந்துருச்சு. என்னை நம்பிக் குடுத்திருந்தாக்கூட நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.